தாதுச்சத்துக் குறைவால் ஏடிஎச்டி வருமா?

கேள்வி இதுதான். எட்டு வயதுப் பையனுக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் சேர்ந்த கோளாறு என்று மருத்துவர் உறுதிசெய்து, மருந்து தொடங்கலாம் என்கிறார். நெருங்கிய உறவினர் ஒருவரோ, “இது வியாதியே இல்லை. உடம்பில் ஜிங்க்கும் மக்னீசியமும் குறைந்தால் பிள்ளைகள் இப்படித்தான் ஒரு இடத்தில் உட்காரமாட்டார்கள். முடியை அனுப்பிப் பரிசோதித்து, குறைகிற சத்தைக் கொடுத்தால் போதும்” என்கிறார். அது உண்மையா, மருந்தைச் சில மாதம் தள்ளிப்போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரும்புச்சத்தை ரத்தத்தில் பாருங்கள், குறைந்திருந்தால் சரிசெய்யுங்கள். முடிப் பரிசோதனைக்குப் பணம் செலவழிக்காதீர்கள். மருந்தைத் தள்ளிப்போட இது எதுவும் காரணமாகாது. ஏன் என்பதற்குத்தான் இனி வரும் நீளம்.

உறவினர் சொல்வது அடியோடு கட்டுக்கதை என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பேச்சுக்கு ஒரு வேர் இருக்கிறது. மூளையில் கவனத்தையும் செயல்கட்டுப்பாட்டையும் நடத்துகிற முக்கிய ரசாயனங்கள் டோபமைனும் நார்அட்ரினலினும். டைரோசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து டோபமைன் தயாராகும்போது முதல் படியைச் செய்யும் நொதிக்கு இரும்பு வேண்டும். டோபமைன் நார்அட்ரினலினாக மாறும் படிக்குத் தாமிரம் வேண்டும். நரம்பு செல் வெளியிட்ட டோபமைனைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும் புரதத்தில் துத்தநாகம், அதாவது ஜிங்க், ஒட்டிக்கொள்வதற்கென்றே ஓரிடம் இருக்கிறது. ஏடிஎச்டிக்குக் கொடுக்கப்படும் மெத்தில்ஃபெனிடேட் மருந்து வேலை செய்வதும் இதே புரதத்தின்மீதுதான். இதையெல்லாம் படித்த யாருக்கும் ‘அப்போ இந்தத் தாதுக்கள் குறைந்தால் கவனம் குறையுமே’ என்று தோன்றுவது இயல்பு. ஆராய்ச்சியாளர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் காகிதத்தில் பொருந்துகிற ரசாயனம் வேறு, ஒரு குழந்தையின் நடத்தைக்குக் காரணம் கண்டுபிடிப்பது வேறு. ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு மிகப் பெரியது. இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 74 சதவீதம் மரபணு சார்ந்தது என்று வருகிறது. மிச்சமிருக்கும் பங்கில்தான் குறைமாதப் பிறப்பு, கர்ப்பத்தில் நேர்ந்தவை, ஈயம் போன்ற நச்சுகள், சத்துக்குறைவு எல்லாமே இடம்பிடிக்க வேண்டும். ஆகவே தாதுச்சத்து என்பது சில குழந்தைகளுக்குச் சுமையைக் கூட்டுகிற ஒன்றாக இருக்கலாம். எல்லாருக்கும் அதுவே காரணம் என்று சொல்ல இடமே இல்லை.

இரும்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே பேசவேண்டும், ஏனென்றால் உருப்படியான விஷயம் இருப்பது இங்கேதான். 2004-இல் பிரான்சில் எரிக் கோனோஃபால் குழுவினர் ஏடிஎச்டி உள்ள 53 குழந்தைகளையும் இல்லாத 27 குழந்தைகளையும் ஒப்பிட்டார்கள். பார்த்தது ஹீமோகுளோபினை அல்ல, உடலில் சேமித்துவைத்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற அளவை. ஏடிஎச்டி குழந்தைகளின் சராசரி மில்லிலிட்டருக்கு 23 நானோகிராம், மற்றவர்களுடையது 44. முப்பதுக்குக் கீழே இருந்தவர்கள் முதல் குழுவில் 84 சதவீதம், இரண்டாவதில் 18 சதவீதம். அதோடு, ஃபெரிட்டின் எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு அறிகுறிகளும் கடுமையாக இருந்தன. இந்த எண்கள்தான் உலகம் முழுக்கப் பரவின.

ஹீமோகுளோபினுக்கும் ஃபெரிட்டினுக்கும் உள்ள வித்தியாசம் புரியாமல் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் படித்துப் பயனில்லை. ஹீமோகுளோபின் கையிலிருக்கும் காசு, ஃபெரிட்டின் வங்கியில் கிடக்கும் சேமிப்பு. செலவு கூடினால் சேமிப்புதான் முதலில் கரையும். கையில் காசு குறைந்தது தெரியும்போது சேமிப்பு எப்போதோ காலியாகியிருக்கும். அதனால் “ரத்தசோகை இல்லை, ஹீமோகுளோபின் 12 இருக்கிறது” என்று சொல்லப்பட்ட குழந்தைக்கு ஃபெரிட்டின் 9 என்று வருவது அதிசயமே இல்லை.

இன்னொரு சிக்கல், ‘நார்மல்’ என்று அச்சாகி வருகிற எல்லை. ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஆரோக்கியமான பிள்ளைக்கு 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறைவு, ஐந்து வயதுக்குள் 12-க்குக் கீழே போனால் குறைவு என்பது உலக சுகாதார அமைப்பின் கணக்கு. ஆய்வகத்தின் அச்சிட்ட எல்லையும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் தொடங்கும். ஆகவே 17 என்று வந்தால் அறிக்கையில் நட்சத்திரக்குறி எதுவும் இருக்காது. ஆனால் குழந்தைகளின் தூக்கக் கோளாறுகளைப் பார்க்கும் மருத்துவர்கள், கால் அமைதியின்மை என்ற பிரச்சினை இருக்கும் பிள்ளைக்கு 50-க்குக் கீழே இருந்தாலே இரும்பு கொடுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். 15-க்கும் 50-க்கும் நடுவே இருக்கிற இந்தப் பரப்பில்தான் எல்லா வாக்குவாதமும் நடக்கிறது.

கால் அமைதியின்மை என்றேனே, அதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள். பையன் படுத்ததும் காலில் ஏதோ ஊர்கிற மாதிரி இருக்கிறது, இழுக்கிறது, உதைத்துக்கொள்ளத் தோன்றுகிறது என்கிறானா? தூக்கத்தில் காலை உதறுகிறானா, போர்வை தினமும் கட்டிலுக்குக் கீழே கிடக்கிறதா? பெரியவர்கள் இதை ‘வளர்ற வலி’ என்று சொல்லித் தடவிவிட்டுப் போய்விடுவார்கள். ஏடிஎச்டி உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது, இரும்புக் குறைவோடு இதற்குள்ள தொடர்பு நன்றாக நிறுவப்பட்டது. இரவெல்லாம் அரைத்தூக்கம் தூங்கிய குழந்தை மறுநாள் வகுப்பில் சோர்ந்து விழுவதைவிடப் பரபரப்பாகத் திரிவதே அதிகம். இரும்பைச் சரிசெய்து, தூக்கம் சரியாகி, அதனால் பகல் நேர நடத்தை கொஞ்சம் மாறுவது நடக்கக்கூடியது. என்னைக் கேட்டால் இரும்பு விஷயத்தில் பெற்றோருக்குக் கையில் கிடைக்கும் மிகத் தெளிவான பலன் இந்த வழியில்தான்.

சரி, குறைவாக இருப்பதைக் காட்டியாகிவிட்டது. கொடுத்தால் குணமாகிறதா? அதே கோனோஃபால் குழு 2008-இல் சோதித்தது. ரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் 30-க்குக் கீழே இருந்த 23 குழந்தைகள், வயது ஐந்து முதல் எட்டு. 18 பேருக்குத் தினமும் 80 மில்லிகிராம் இரும்பு, 5 பேருக்கு ஒப்பிட்டுப் பார்க்கச் சத்தே இல்லாத வெற்று மாத்திரை, 12 வாரம். மருத்துவர் மதிப்பிடும் அளவுகோலில் இரும்பு எடுத்தவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. பெற்றோரும் ஆசிரியரும் நிரப்பிய படிவங்களில் வித்தியாசம் உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வரவில்லை. வெற்று மாத்திரை எடுத்தவர்கள் ஐந்தே பேர் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒரு குழந்தை அந்த மாதம் நன்றாக இருந்தாலோ மோசமாக இருந்தாலோ மொத்தக் கணக்கும் ஆடிப்போகும். இவ்வளவு பேசப்படும் ஒரு விஷயத்துக்குக் கிடைத்திருக்கும் நேரடிச் சோதனை இவ்வளவு சிறியது என்பது எனக்கு எப்போதுமே உறுத்தல்தான்.

2004-க்குப் பிறகு வந்த ஒப்பீடுகளும் ஒரே குரலில் பேசவில்லை. சிலவற்றில் வித்தியாசம் இருந்தது, சிலவற்றில் இல்லை. 2018-இல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில் ஏடிஎச்டி குழந்தைகளின் ஃபெரிட்டின் மொத்தத்தில் குறைவு என்றும், ரத்தத்தில் ஓடும் இரும்பின் அளவில் வித்தியாசம் இல்லை என்றும் வந்தது. இதைவிடச் சுவாரசியமானது எம்ஆர்ஐ மூலம் மூளையில் உள்ள இரும்பையே அளந்த ஆய்வுகள். 2014-இல் வெளியான ஒன்றில், மருந்தே எடுக்காத ஏடிஎச்டி நோயாளிகளின் மூளையில், தலாமஸ் உள்ளிட்ட சில பகுதிகளில், இரும்பு குறைவாக இருந்தது. ஆனால் அவர்களுடைய ரத்த அளவுகளில் வித்தியாசமே இல்லை. அதோடு, மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர்களின் மூளை இரும்பு மற்றவர்களுடையதைப் போலவே இருந்தது. அதாவது ரத்தத்தில் போதுமான இரும்பு இருந்தும், அது மூளைக்குள் போய்ச் சேருவதில் தடங்கல் இருக்கலாம். அது உண்மையானால், வாய்வழியாக இன்னும் நாலு மாத்திரை கொடுத்தால் மட்டும் அந்தத் தடங்கல் நீங்கிவிடாது. சிறிய ஆய்வுதான், ஆனாலும் ‘குறைகிறது, ஊற்று’ என்கிற எளிய கணக்கை இது கலைத்துவிடுகிறது.

காலம் என்ற ஒன்றும் இருக்கிறது. கோஸ்டாரிகாவில் பெட்ஸி லோஸாஃப் குழுவினர் கைக்குழந்தைப் பருவத்தில் நீண்டகாலம் கடுமையான இரும்புக் குறைவு இருந்த பிள்ளைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். அப்போதே சிகிச்சை கொடுத்துக் குறைவு சரியான பிறகும், 11 முதல் 14 வயதில் அவர்களிடம் கவனப் பிரச்சினைகள் அதிகமாகத் தெரிந்தன. மூளை வேகமாக வளரும் முதல் இரண்டு வருடங்களில் விழும் பள்ளம் பிற்பாடு நிரப்பினாலும் தடம் விட்டுப்போகலாம். உங்கள் பையனுக்கு இன்றைக்கு எடுக்கும் ஃபெரிட்டின், அவன் ஒன்றரை வயதில் எப்படி இருந்தான் என்பதைச் சொல்லாது.

இன்னொரு குழப்பம் குறைமாதப் பிறப்பு. தாயிடமிருந்து குழந்தைக்கு இரும்பு பெருமளவு போய்ச்சேருவது கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில். முன்கூட்டியே பிறந்த குழந்தை சேமிப்பு குறைவாகத்தான் வெளியே வரும். குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு ஏடிஎச்டி வாய்ப்பும் அதிகம். இரண்டும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து தெரிவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. வறுமைக்கும் இதே கதைதான். சத்தில்லாத சாப்பாடு, ஈயம் கலந்த பழைய வர்ணம், கர்ப்ப காலச் சிக்கல்கள் எல்லாம் ஒரே வீட்டில் கூடிவிடுகின்றன.

காரணமும் விளைவும் இடம் மாறியிருக்கவும் கூடும். சாப்பாட்டு நேரத்தில் உட்காரவே முடியாத பிள்ளை பாதியில் எழுந்து ஓடும். பிடித்த இரண்டு மூன்று பண்டங்களைத் தவிர வேறெதையும் தொடாது. மருந்து தொடங்கிய பிறகு மதியப் பசி குறைந்துபோவது இந்த வகை மருந்துகளின் மிகச் சாதாரணமான பக்கவிளைவு. இப்படி ஒரு வருடம் போனால் தாதுக்கள் குறையாமல் என்ன செய்யும்? அப்போது அளந்துவிட்டு, குறைவால்தான் ஏடிஎச்டி வந்தது என்று சொல்வது கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிப்பது.

துத்தநாகத்துக்கு வருவோம். 2004-இல் துருக்கியில் 400 குழந்தைகளுக்கு 12 வாரம் நடந்த சோதனையில், தினமும் 150 மில்லிகிராம் ஜிங்க் சல்பேட் எடுத்தவர்களிடம் பரபரப்பும் முன்யோசனையில்லாத செயல்களும் குறைந்தன. கவனம் மட்டும் மேம்படவில்லை. நடுவிலேயே விலகிப்போனவர்களும் ஏராளம். அதே வருடம் ஈரானில் 44 குழந்தைகளுக்கு மெத்தில்ஃபெனிடேட்டோடு சேர்த்து 15 மில்லிகிராம் துத்தநாகம் கொடுத்ததில், ஆறு வாரத்தில் கூடுதல் பலன் தெரிந்தது. இதைப் பார்த்து உற்சாகமாகி 2011-இல் அமெரிக்காவில் 52 குழந்தைகளிடம் சோதித்தார்கள். நடத்தையில் வெற்று மாத்திரைக்கும் துத்தநாகத்துக்கும் வித்தியாசமே இல்லை. ஒரே ஒரு விஷயம் மட்டும் கண்ணில் பட்டது. தினமும் 30 மில்லிகிராம் துத்தநாகம் எடுத்தவர்களுக்குத் தேவைப்பட்ட ஆம்ஃபெட்டமின் என்ற ஏடிஎச்டி மருந்தின் அளவு 37 சதவீதம் குறைவாக இருந்தது. மீண்டும் பெரிய அளவில் சோதித்து உறுதிசெய்ய வேண்டிய சங்கதி அது. அதை வைத்து வீட்டில் மருந்தைக் குறைக்க முடியாது.

துருக்கியிலும் ஈரானிலும் பலித்தது அமெரிக்காவில் ஏன் பலிக்கவில்லை என்பதற்கு எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் விளக்கம், துத்தநாகக் குறைவு பரவலாக இருக்கும் மக்களிடம் கொடுத்தால் ஏதோ பலன் தெரியும், போதுமான அளவு இருப்பவர்களிடம் கொடுத்தால் ஒன்றும் தெரியாது என்பதே. துருக்கி ஆய்விலும் தொடக்கத்தில் துத்தநாகம் குறைவாக இருந்தவர்களுக்கே நன்மை அதிகம் கிடைத்தது. ஆனால் ‘குறைவா இல்லையா’ என்று ஒரு தனிக் குழந்தையிடம் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ரத்தத்தில் துத்தநாகம் காலையில் ஒரு அளவு, மாலையில் ஒரு அளவு இருக்கும். சாப்பிட்டதும் இறங்கும். காய்ச்சல் வந்தால் இறங்கும். ஒரு நாட்டு மக்களின் நிலையை அறிய அது உதவும். உங்கள் பையனின் நிலையை அறிய அவ்வளவாக உதவாது.

அளவு விஷயத்திலும் ஜாக்கிரதை வேண்டும். நான்கிலிருந்து எட்டு வயதுக் குழந்தைக்குச் சாப்பாடு, மாத்திரை எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு 12 மில்லிகிராம் துத்தநாகத்தைத் தாண்ட வேண்டாம் என்பது அமெரிக்க நிபுணர் குழு வைத்திருக்கும் மேல்வரம்பு. ஒன்பதிலிருந்து பதின்மூன்று வரை 23. கடையில் பெரியவர்களுக்கென்று விற்கும் மாத்திரை ஒன்றே இந்த வரம்பைத் தாண்டிவிடும். நீண்ட நாள் அதிகமாகக் கொடுத்தால் துத்தநாகம் தாமிரத்தைக் குடலிலேயே தடுத்துவிடும். தாமிரம் குறைந்தால் ரத்தசோகை, வெள்ளணுக் குறைவு வரைக்கும் போகலாம். அப்புறம், நார்அட்ரினலின் தயாராகத் தாமிரம் வேண்டும் என்று மேலே சொன்னேன் இல்லையா, அதையும் சேர்த்து யோசித்துப் பாருங்கள்.

மக்னீசியத்தைப் பற்றி இவ்வளவு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. 1997-இல் போலந்தில் 116 ஏடிஎச்டி குழந்தைகளில் 95 சதவீதத்தினருக்கு மக்னீசியம் குறைவு என்று ஒரு கட்டுரை வந்தது. இணையத்தில் சுற்றிவரும் ‘95 சதவீதம்’ அதுதான். உள்ளே போய்ப் பார்த்தால், பெரும்பாலான குறைவு முடியில் அளந்தது. ரத்த சீரத்தில், அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியில், குறைவு இருந்தவர்கள் மூன்றில் ஒரு பங்குதான். அதே குழு 50 குழந்தைகளுக்கு ஆறு மாதம் மக்னீசியம் கொடுத்து முன்னேற்றம் கண்டதாகச் சொன்னது. வெற்று மாத்திரையோடு ஒப்பிடவில்லை. யாருக்கு என்ன தருகிறோம் என்பது எல்லாருக்கும் தெரிந்தே நடந்தது. நம்பிக்கையோடு மாத்திரை தரும் பெற்றோரின் கண்ணுக்குப் பிள்ளை அமைதியாகத் தெரிவது மனித இயல்பு. பிற்பாடு வந்த தொகுப்பாய்வுகளில் ஏடிஎச்டி குழந்தைகளின் சீரம் மக்னீசியம் சற்றே குறைவு என்று தெரிகிறது. ஆனால் உடலில் உள்ள மக்னீசியத்தில் ஒரு சதவீதத்துக்கும் குறைவே சீரத்தில் இருப்பது. மற்றதெல்லாம் எலும்பிலும் தசையிலும் செல்களுக்குள்ளும் இருக்கிறது.

முடிப் பரிசோதனையைப் பற்றி உறவினரிடம் சொல்வதற்கு ஒரு சம்பவம் தருகிறேன். 2001-இல் ஜாமா மருத்துவ இதழில் வந்தது. ஆரோக்கியமான ஒரே ஒருவரின் தலைமுடியை எடுத்து, பிரித்து, அமெரிக்காவின் ஆறு வணிக ஆய்வகங்களுக்கு அனுப்பினார்கள். ஒரே தலை, ஒரே முடி. வந்த முடிவுகளோ ஒன்றுக்கொன்று பெரிதும் மாறுபட்டன. எது சரியான அளவு என்பதிலேயே ஆய்வகங்கள் ஒத்துப்போகவில்லை. ஆலோசனைகளும் ஒன்றுக்கொன்று முரண். தவிர, பொடுகுக்குப் போடும் ஷாம்பூ சிலவற்றில் துத்தநாகமே மருந்தாக இருக்கிறது, சிலவற்றில் செலினியம். தலைக்குக் குளித்த ஷாம்பூவையும் சேர்த்து அளக்கிற ஒரு பரிசோதனையை நம்பி குழந்தைக்கு மாத்திரை தேர்ந்தெடுப்பதா? சில இடங்களில் பரிசோதிக்கிறவரே மாத்திரையும் விற்கிறவராக இருப்பார். அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவேண்டியதில்லை.

யாரும் கேட்காத ஒரு தாதுவைப் பற்றியும் சொல்லவேண்டும், ஈயம். ‘எது குறைகிறது’ என்றே எல்லாரும் கேட்கிறார்கள், ‘எது இருக்கக்கூடாதோ அது இருக்கிறதா’ என்று கேட்பதில்லை. இத்தனைக்கும் தாதுக்களில் ஏடிஎச்டியோடு காரணத் தொடர்பு அதிக உறுதியாக இருப்பது ஈயத்துக்குத்தான். அமெரிக்காவில் 1999 முதல் 2002 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பின் தரவுகளை எடுத்து 2006-இல் ஒரு குழு ஆராய்ந்தது. ரத்தத்தில் ஈயம் டெசிலிட்டருக்கு 2 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்த குழந்தைகளுக்கு, மிகக் குறைவாக இருந்தவர்களைவிட ஏடிஎச்டி இருக்கும் சாத்தியம் நான்கு மடங்கு. இரண்டு என்பது மிகச் சிறிய அளவு. அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு மையம் 2012-இல் 5 என்று வைத்திருந்த எச்சரிக்கை எல்லையை 2021-இல் 3.5 ஆகக் குறைத்தது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. விலங்குகளுக்கு ஈயம் கொடுத்த சோதனைகளிலும் பொறுமையின்மையும் கவனச் சிதறலும் வருகின்றன. உடல் இரும்பைக் கையாளும் விதத்தை மாற்றும் எச்எஃப்இ மரபணுவின் ஒரு வகை இருக்கும் குழந்தைகளிடம் ஈயத்தின் பாதிப்பு கூடுதலாகத் தெரிகிறது என்றும் ஒரு ஆய்வு உண்டு.

இங்கே இரும்பு திரும்பவும் வருகிறது. குடலில் இரும்பை உள்ளே இழுக்கும் அதே கடத்திப் புரதம்தான் ஈயத்தையும் இழுக்கிறது. உடலில் இரும்பு குறைந்தால் அந்தப் புரதம் அதிகமாகும், ஈயமும் அதன் வழியே கூடுதலாக உள்ளே போகும். அதனால் இரும்பு குறைந்த பிள்ளை ஈயம் உள்ள சூழலில் இருந்தால் அடி இரட்டை. பழைய கட்டடத்தில் உதிரும் வர்ணம், வீட்டருகே பேட்டரி உடைத்து உருக்கும் வேலை, ஈயக் குழாய் வழியாக வரும் தண்ணீர், கையில் கிடைத்ததையெல்லாம் வாயில் வைக்கும் பழக்கம், இவற்றில் ஏதாவது உங்கள் பையனுக்குப் பொருந்தினால் ரத்த ஈயப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள். ஜிங்க் பரிசோதனையைவிட அதற்கு அர்த்தம் அதிகம்.

அயோடினை ஒரு வரியில் முடித்துவிடலாம். கர்ப்பத்தில் தாய்க்கு அயோடின் நன்றாகக் குறைந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படும் என்பது உறுதி. எட்டு வயதில் ஏடிஎச்டிக்காக அயோடின் கொடுப்பதில் பொருளில்லை. தைராய்டு நோயின் அறிகுறிகள் இருந்தால் மருத்துவர் தைராய்டைப் பார்ப்பார்.

தனித்தனியாகக் கொடுக்காமல் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். நியூசிலாந்தில் ஜூலியா ரக்லிட்ஜ் குழு 93 குழந்தைகளிடம் பத்து வாரம் சோதித்து 2018-இல் வெளியிட்டது. அமெரிக்காவிலும் கனடாவிலும் மருந்து எடுக்காத 135 குழந்தைகளிடம் எட்டு வாரம் நடந்த சோதனை 2022-இல் வந்தது. விட்டமின்களும் தாதுக்களும் கலந்த மாத்திரை, இரண்டாவது சோதனையில் தினமும் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை. எட்டு வயதுப் பிள்ளை தினமும் இத்தனை மாத்திரை விழுங்குவதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள்! இரண்டாவது சோதனையில், யாருக்கு எது என்று தெரியாத மருத்துவர்கள் மதிப்பிட்டபோது சத்து எடுத்தவர்களில் 54 சதவீதமும் வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 18 சதவீதமும் தேறியிருந்தார்கள். கவனிக்கத்தக்க எண். ஆனால் பெற்றோர் நிரப்பிய படிவங்களில் இரண்டு குழுவும் ஒரே மாதிரி முன்னேறியிருந்தன. நியூசிலாந்திலும் மொத்தத்தில் தேறியதாக மருத்துவர்களுக்குத் தெரிந்தது, ஆனால் பரபரப்பு குறைந்ததாக யாருடைய மதிப்பீட்டிலும் வரவில்லை. இந்த வழியை நான் ஒதுக்கித் தள்ளவில்லை, இன்னும் பார்க்கவேண்டியது இருக்கிறது. ஆனால் இன்றைக்கு மெத்தில்ஃபெனிடேட்டுக்கு இருக்கும் ஆதாரத்தின் பக்கத்தில் வைக்கும் அளவுக்கு அது வளரவில்லை.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது முழு ரத்த எண்ணிக்கையோடு ஃபெரிட்டினும் எடுக்கலாமா என்று கேளுங்கள். சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் எடுக்கவேண்டாம். உடலில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் போலியாக ஏறி, குறைவை மறைத்துவிடும். அதனால்தான் சில மருத்துவர்கள் கூடவே அழற்சியைக் காட்டும் சிஆர்பி பரிசோதனையும் எழுதுவார்கள். முடிவு 15-க்குக் கீழே வந்தால் ஏடிஎச்டி இருக்கிறதோ இல்லையோ, இரும்பு கொடுத்தே ஆகவேண்டும். ஏன் குறைந்தது என்றும் பார்க்கவேண்டும், சாப்பாடா, குடல் புழுவா, வேறு ரத்தக்கசிவா என்று. 15-க்கும் 30-க்கும் நடுவில் வந்து, சாப்பாடும் சரியில்லை, தூக்கமும் சரியில்லை என்றால், மருத்துவரோடு பேசிக் கொடுத்துப் பார்ப்பதில் தவறில்லை என்பது என் அபிப்பிராயம். 60, 70 என்று இருந்தால் இரும்புப் பேச்சை அதோடு விட்டுவிடுங்கள்.

பரிசோதிக்காமல் நீங்களாக இரும்பு தொடங்கவேண்டாம். தலசீமியா போன்ற பரம்பரை ரத்தக் கோளாறில் ஹீமோகுளோபின் குறைவாகவே இருக்கும், உடலில் இரும்போ தேவைக்கு மேல் கிடக்கலாம். மாத்திரை அட்டையில் எழுதியிருப்பதைப் படிக்கும் விதமும் முக்கியம். ஃபெரஸ் சல்பேட் 300 மில்லிகிராம் என்றால் அதில் இரும்பு சுமார் 60 மில்லிகிராம்தான், ஃபெரஸ் ஃபுமரேட்டில் எடையில் மூன்றில் ஒரு பங்கு இரும்பு. மருத்துவர் எழுதியது உப்பின் எடையா, இரும்பின் எடையா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பால், தேநீரோடு சேர்த்துக் கொடுத்தால் உறிஞ்சுவது குறையும். மலம் கறுப்பாகப் போகும், பயப்படவேண்டாம். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தப் பாட்டிலைப் பூட்டி வையுங்கள். மிட்டாய் என்று நினைத்து ஒரு கைப்பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, இது மிகைப்படுத்தல் இல்லை.

கடைசியாக மருந்து. இரும்பு குறைவாக வந்தாலும் மருந்தை நிறுத்திவைக்கவேண்டியதில்லை, இரண்டும் ஒன்றோடொன்று சண்டை போடுவதில்லை. இரும்புக் கிடங்கு நிரம்ப மூன்று மாதமாவது ஆகும், அப்போது ஃபெரிட்டினை மறுபடி எடுத்துப் பார்ப்பார்கள். மெத்தில்ஃபெனிடேட்டோ கொடுத்த ஒரு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிடும். முதல் இரண்டு வாரத்தில் பையனிடம் தெரியும் மாற்றம் மருந்தினுடையது, இரும்பினுடையது இல்லை. இரும்பினால் ஏதாவது நடந்ததா என்று பிற்பாடு தெரிந்துகொள்ள ஆசைப்பட்டால், தொடங்கும் முன் வகுப்பாசிரியரிடம் நடத்தை மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை நிரப்பி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்தின் அளவு நிலைத்த பிறகு ஒரு முறை, மூன்று மாதம் முடிந்ததும் ஒரு முறை அதே படிவத்தைக் கொடுங்கள். இரும்பு கொடுப்பதை மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள்.